நேற்றைக்குப் போகிறவர் பையில் பணம் உண்டா?

1989-இல் வெளிவந்த ‘பேக் டு தி ஃபியூச்சர் 2’ படத்தில் சில நொடிகளே வந்துபோகும் காட்சி ஒன்று உண்டு. காலப் பயணத்தில் கைதேர்ந்த விஞ்ஞானி டாக் பிரவுன் தம் கைப்பெட்டியைத் திறக்கிறார். உள்ளே கட்டுக்கட்டாகப் பணம்; ஒவ்வொரு கட்டும் ஒவ்வொரு காலத்திற்குரியது. எந்த ஆண்டில் போய் இறங்கினாலும் அங்கே செல்லும் நோட்டு கையில் இருக்க வேண்டுமல்லவா? காலப் பயணப் படங்கள் எத்தனையோ பார்த்துவிட்டோம். வங்கியோடு உறவுடைய நமக்கு இவ்வளவு நிறைவளித்த காட்சி வேறில்லை.

நம் நாட்டில் அப்பெட்டியை அடுக்குவது எளிதன்று. இன்றிலிருந்து 2015-க்குச் செல்பவர் சாம்பல் நிற 500 ரூபாய் நோட்டை நீட்டினால், கடைக்காரர் அதைக் குழந்தைகளின் விளையாட்டுத் தாள் என்றே எண்ணுவார். அந்நோட்டு பிறந்தது 2016 நவம்பரில். கைப்பேசி வழியே செலுத்திவிடலாம் என்றால் யுபிஐ வந்ததும் 2016-இல்தான். அவர் மிச்சம் வாங்கிவரும் பழைய 500, 1000 ரூபாய் நோட்டுகளோ இங்கே செல்லா. பழைய வரிசை 100 ரூபாய் நோட்டு போன்ற சிலவற்றையே இரு காலத்திலும் நம்பலாம்.

பணத்தைப் பற்றி நாம் பேசுவது தற்செயலன்று. காலத்தைத் தாண்டும் வழி கிடைத்ததும் இப்படங்களின் மாந்தர் பெரும்பாலும் முதலில் நாடுவது பணத்தைத்தான். மேற்சொன்ன படத்திலேயே, 2015-இன் முதியவர் பிஃப், கால இயந்திரத்தைத் திருடி 1955-க்குச் சென்று, ஐம்பது ஆண்டுகளின் விளையாட்டு முடிவுகள் அடங்கிய நூலை இளவயதுத் தம்மிடமே கொடுத்துவிடுகிறார். பந்தயம் தோறும் வெற்றி, செல்வம் குவிகிறது, ஊர் சீரழிகிறது. எனினும் நம் மதிப்பில் 1985-இல் ராபர்ட் ஜெமெக்கிஸ் இயக்கிய முதற்பாகமே மேலானது. மணிக்கு 88 மைல் வேகத்தில் ஓடும் டெலோரியன் கார், கடிகாரக் கோபுரத்தில் விழும் மின்னல் எல்லாம் சுவையானவையே. ஆனால், தன் வயதுப் பிள்ளைகளாகத் தாயையும் தந்தையையும் ஓர் இளைஞன் காணும் வியப்புதான் அப்படத்தின் உயிர்.

இவ்வகைக் கதைகளுக்கு வழியமைத்தவர்களில் முதன்மையானவர் எச்.ஜி. வெல்ஸ். 1895-இல் அவர் எழுதிய ‘தி டைம் மெஷின்’ 1960-இல் ஜார்ஜ் பால் இயக்கத்தில் திரைக்கு வந்து, தந்திரக் காட்சிகளுக்காக ஆஸ்கர் விருது பெற்றது. எதிர்க் கடையின் கண்ணாடிக்குள் நிற்கும் பொம்மையின் உடை மாறிக்கொண்டே இருக்க, ஆண்டுகள் ஓடுவதை இயந்திரத்தில் அமர்ந்தவர் அறிகிறார். கணினி வரைகலை இல்லாக் காலத்தின் எளிய உத்தி. இன்றும் அழகு குன்றவில்லை. வெல்ஸின் இன்னொரு நாவலில், இருநூறு ஆண்டுகளுக்கு மேல் உறங்கி எழும் ஒருவர், அதற்குள் தம் சொத்து பெருகித் தம்மை உலகின் பெருஞ்செல்வராக்கிவிட்டதை அறிந்து திகைக்கிறார். நம் நாட்டில் அவ்வாறு உறங்க விரும்புவோர் ஒன்றைக் கருத்தில் கொள்க: 10 ஆண்டுகள் உரிமை கோரப்படாத வைப்புத்தொகை, ரிசர்வ் வங்கி பேணும் வைப்பாளர் கல்வி மற்றும் விழிப்புணர்வு நிதிக்கு மாற்றப்படும். அஞ்ச வேண்டா, விழித்ததும் உரிய சான்றுகளோடு வங்கியை அணுகித் திரும்பப் பெறலாம். எந்த வங்கி என்பதே மறந்திருந்தால் ‘உத்கம்’ இணையதளத்தில் தேடலாம்.

தமிழில் ஆர். ரவிக்குமார் இயக்கிய ‘இன்று நேற்று நாளை’ (2015) பணத்தாசையை நகைச்சுவையாக்கிய படம். 2065-இலிருந்து வந்த இயந்திரம் நம் கால நண்பர் இருவர் கையில் சிக்குகிறது. அவர்கள் செய்வது என்ன? தொலைந்த பொருள் எங்கே போயிற்று என்பதைக் கடந்த காலத்தில் கண்டுவந்து, சோதிடத்தால் சொன்னதாகக் காட்டிக் காசு பார்க்கிறார்கள்! நம் மண்ணுக்கே உரிய கற்பனை இது. சிங்கீதம் சீனிவாச ராவின் தெலுங்குப் படமான ‘ஆதித்யா 369’ (1991) தமிழில் ‘அபூர்வ சக்தி 369’ என்று வந்தது. இளையராஜாவின் இசையோடு கிருஷ்ணதேவராயரின் அவைக்கே நம்மை அழைத்துச் செல்கிறது. அங்கும் கதையை நகர்த்துவது ஒரு வைரமே.

பங்குச் சந்தையில் ஈடுபாடுள்ளோர் தவறவிடக் கூடாத படம் ‘பிரைமர்’ (2004). பொறியாளராக இருந்த ஷேன் கர்ரூத் ஏறத்தாழ 7,000 டாலர் செலவில் எடுத்து, சன்டான்ஸ் விழாவில் முதற்பரிசு வென்றது. இரு பொறியாளர்கள் வண்டிக் கொட்டகையில் ஒரு பெட்டியை உருவாக்குகிறார்கள். அதன் விதி கடுமையானது: ஆறு மணி நேரம் பின்னே செல்ல வேண்டுமானால், பெட்டிக்குள் ஆறு மணி நேரம் கிடந்தே தீர வேண்டும். குறுக்குவழி இல்லை. அன்றைய சந்தையில் எப்பங்கு ஏறியது என்று பார்த்துக்கொண்டு, காலைக்குத் திரும்பி அதை வாங்குகிறார்கள். இலாபம் வருகிறது; நட்பு கரைகிறது. நண்பன் தனக்குத் தெரியாமல் எத்தனை முறை பெட்டிக்குள் போய்வந்தான் என்ற ஐயம் நுழைந்தபின் இருவரும் இயல்பாகப் பேசிக்கொள்ள முடிவதில்லை. 77 நிமிடப் படம்தான். ஆனால் ஒரே பார்வையில் முழுதும் விளங்கியது என்று யாரேனும் சொன்னால் நாம் நம்ப மாட்டோம்.

‘கிரவுண்ட்ஹாக் டே’ (1993) படத்தில் இயந்திரமே இல்லை. பில் மர்ரே நடித்த தொலைக்காட்சி வானிலை அறிவிப்பாளர், ஒரு சிற்றூரில் பிப்ரவரி 2 என்னும் ஒரே நாளில் அகப்பட்டுக்கொள்கிறார். எது செய்தாலும் மறுநாள் காலை 6 மணிக்கு அதே படுக்கை, அதே வானொலிப் பாட்டு. காவலர் அயரும் நொடியை மனப்பாடம் செய்து, பணம் ஏற்றிவந்த வண்டியிலிருந்து ஒரு பையை அவர் அலட்டாமல் எடுத்துச் செல்லும் காட்சியில் வங்கியினரும் சிரித்துவிடுவர். பணமும் களிப்பும் சலித்தபின் பியானோ கற்கிறார். சாலையோரத்து முதியவர் ஒருவர் அன்றிரவு இறந்துபோவதை அறிகிறார். மறுநாள், அதாவது அதே நாள், அவருக்கு உணவளிக்கிறார். இன்னொரு முறை மூச்சூட்டிப் பார்க்கிறார். எத்தனை முறை முயன்றும் அந்த உயிரை மட்டும் காக்க முடிவதில்லை. ஹரால்டு ராமிஸ் இக்காட்சியைச் சுருக்கமாக முடித்துவிடுகிறார். நமக்கோ படம் முடிந்தபின் நினைவில் நிற்பது அதுதான்.

சூர்யாவின் ‘24’ (2016) படத்தில் வில்லன் மீட்க விரும்புவது சுயநினைவின்றி இழந்த 26 ஆண்டுகளை. கையிலுள்ள கடிகாரமோ 24 மணி நேரமே பின்னோக்கும். ‘கணம்’ (2022) படத்தின் நாயகன், விபத்தில் இழந்த தாயைக் காண இளம்பருவத்துக்குத் திரும்புகிறான். அமலா அத்தாயாக வருகிறார். வளர்ந்த மகன் அந்நியனாக வாசலில் நிற்கும் காட்சிகளுக்காகவே பார்க்கலாம்.

நிறைவாக ஒரு படம். ரிச்சர்டு கர்டிஸின் ‘அபௌட் டைம்’ (2013). தம் குடும்பத்து ஆண்கள் கடந்த காலத்திற்குச் செல்ல வல்லவர்கள் என்பதை, 21 வயது மகனிடம் தந்தை சொல்கிறார். இருட்டறையில் கைகளை இறுக மூடி நின்றால் போதும். பணத்திற்காக இதைப் பயன்படுத்துவது நல்லதன்று என்றும் எச்சரிக்கிறார். தாம் அதைச் செலவிட்டது நூல்கள் படிக்க.

பின்னர் ஒரு விதி தெரியவருகிறது. குழந்தை கருவான நாளுக்கு முன்னே சென்று எதையேனும் மாற்றினால், திரும்பும்போது வீட்டில் இருப்பது வேறொரு குழந்தை. தந்தை நோயில் இறந்தபின் மகன் அவ்வப்போது பழைய நாள்களுக்குச் சென்று அவரோடு பேசிவருகிறான். அப்போது மனைவி, இன்னொரு குழந்தை வேண்டும் என்கிறாள். அவன் சரி என்றால் தந்தையிடம் போகும் கதவு அடைபடும். கடைசி முறையாகச் செல்கிறான். பில் நையின் முகத்தைப் பார்க்க வேண்டும்: மகன் எதற்கு வந்திருக்கிறான் என்பது அவருக்கு உடனே புரிந்துவிடுகிறது. இருவரும் இன்னும் பின்னே சென்று, அவன் சிறுவனாக இருந்த ஒரு நாளில், கடற்கரையில் சிறிது நேரம் நடக்கிறார்கள்.

இது பெரியவர்களுக்கான படம். பள்ளிப் பிள்ளைகளோடு அமர்வோர் டெலோரியன் காரில் தொடங்கலாம்.