விலை இறங்கும் படகும் விலை ஏறும் காரும்

பழவேற்காட்டுக் கடற்கரையில் கூனங்குப்பம், வைரவன்குப்பம் பகுதிகளில் கிடக்கும் படகுகளில் பெரும்பாலானவை இன்று கண்ணாடியிழைப் படகுகள். மீனவர் பேச்சில் அவை 'ஃபைபர்'. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு கட்டுமரத்தின் இடத்தை அவை விரைவாகப் பிடித்துக்கொண்டன. இதே கண்ணாடியிழையால் உடற்பகுதி அமைத்து, 1953-ஆம் ஆண்டு ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் ஒரு காரை வெளியிட்டது. அதுதான் செவ்ரோலெ கார்வெட். முதல் ஆண்டில் மிஷிகன் மாநிலத்தின் ஃபிளின்ட் நகரில் 300 வண்டிகள் மட்டுமே உருவாயின. அனைத்தும் வெள்ளை நிறம், உள்ளே சிவப்பு இருக்கைகள். அடிப்படை விலை 3,498 டாலர். மறு ஆண்டு 3,640 வண்டிகளைச் செய்துவிட்டு, விற்க முடியாமல் நிறுவனம் திணறியது. அன்று சந்தை பெரிதாக மதிக்காத அந்த வண்டிகளில் முதல் ஆண்டைச் சேர்ந்த ஒன்று நல்ல நிலையில் கிடைத்தால், இன்று ஒரு லட்சம் டாலருக்கு மேல் கொடுக்க ஆள் இருக்கிறது. ஃபைபர் படகோ, தண்ணீரில் இறங்கிய நாள் முதல் விலை இறங்குகிறது.

இந்த முரண்பாட்டைப் பற்றி எழுத ஒரு காரணம் உண்டு. என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர் பல்லாண்டுகள் அமெரிக்காவில் பணியாற்றிவிட்டு ஊர் திரும்பவிருக்கிறார். பழவேற்காட்டில் வீடு கட்டியிருக்கிறார். சேமிப்பில் கணிசமான பகுதியைக் கொண்டு 1967-ஆம் ஆண்டு ஃபோர்டு மஸ்டாங் ஒன்றை வாங்கி இங்கே கொண்டுவர எண்ணம். "தங்கம் மாதிரி சார், ஏறிக்கொண்டேதான் இருக்கும்" என்றார். நான் அவரிடம் கூறியதையே இங்கு சற்று விரித்துச் சொல்கிறேன்.

படகின் விலை என்பது அது இனி ஈட்டித் தரக்கூடிய வருமானத்தின் இன்றைய மதிப்பு. வயது ஏற ஏற மிச்சமிருக்கும் உழைப்பு குறையும்; விலையும் குறையும். முகத்துவாரம் மணல் மூடித் தூர்ந்துபோனால், புதுப் படகுக்கும் மதிப்பு சரியும். சேகரிப்பாளரின் காருக்கு இப்படிப்பட்ட அடித்தளம் எதுவும் இல்லை. அது வாடகை தருவதில்லை, ஈவுத்தொகை தருவதில்லை. அடுத்து வாங்குபவர் எவ்வளவு தருவார் என்ற எதிர்பார்ப்பு ஒன்றே அதன் விலை. அளிப்பு மாறாத பொருளில், விலை முழுவதையும் தேவைதான் தீர்மானிக்கிறது. தேவை என்பது இங்கே பெரும்பாலும் ஒரு தலைமுறையின் இளமை நினைவு.

எல்லோரும் எடுத்துக்காட்டும் வெற்றிக்கதை 'புல்லிட்' திரைப்படத்தில் ஓடிய 1968 மஸ்டாங். 1974-இல் ஒருவர் அதை 6,000 டாலருக்கு வாங்கினார். சில ஆண்டுகள் குடும்ப வண்டியாகவே ஓட்டினார். படத்தின் நாயகன் ஸ்டீவ் மெக்வீன் திருப்பித் தரும்படி 1977-இல் கடிதம் எழுதிக் கேட்டும் மறுத்துவிட்டார். 2020 ஜனவரியில் அந்தக் குடும்பம் விற்றபோது ஏலத்தொகை 34 லட்சம் டாலர். கூட்டு வட்டிக் கணக்கில் 46 ஆண்டுகளுக்கு ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 15 விழுக்காடு வருகிறது. எவரையும் மயக்கும் எண்தான்.

ஆனால் அது ஒரே ஒரு வண்டி. மஸ்டாங் 1964 ஏப்ரலில் 2,368 டாலருக்கு அறிமுகமாகி, இரண்டு ஆண்டுகளுக்குள் பத்து லட்சத்தைத் தாண்டி உற்பத்தியானது. அந்த 2,368 டாலர், அமெரிக்க விலைவாசி உயர்வைச் சேர்த்தால் இன்றைக்குச் சுமார் 24,000 டாலருக்குச் சமம். ஆறு சிலிண்டர் எஞ்சின் கொண்ட சாதாரண அறுபதுகளின் மஸ்டாங், சுமாரான நிலையில், அதே அளவுக்குத்தான் விலைபோகிறது. அறுபது ஆண்டு காத்திருப்புக்கு உண்மையான ஆதாயம் பூஜ்யம். கொட்டகை, காப்பீடு, உதிரிபாகம் ஆகியவற்றைக் கழித்தால் நட்டம். நேர் எதிர்முனையில் 1967 கார்வெட்டின் 'எல்88' பந்தய எஞ்சின் வகை. மொத்தமே 20 வண்டிகள். அவற்றுள் ஒன்று 2014-இல் 38.5 லட்சம் டாலருக்குப் போனது. இரண்டுமே 'பழைய அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார்' என்ற ஒரே பெயரில் அடங்கினாலும் பொருளியல் நோக்கில் வெவ்வேறு பண்டங்கள்.

அபூர்வத்துக்கு இவ்வளவு விலை என்றால் போலி வராமல் இருக்குமா? சாதாரண வண்டியில் பெரிய எஞ்சினைப் பொருத்தி, சின்னங்களை ஒட்டி, உயர்வகை என்று விற்பவர்கள் உண்டு. ஆகவேதான் எஞ்சினில் பொறித்த எண்ணும் சட்டகத்தின் எண்ணும் பொருந்துகின்றனவா என்று அங்கே அவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கிறார்கள். நிலம் வாங்கும்போது நாம் மூலப்பத்திரமும் வில்லங்கச் சான்றிதழும் கேட்பது போல. தாள்கள் இல்லாத வண்டிக்கு அழகு இருக்கலாம், விலை இருக்காது. விலை ஏறுவதும் உறுதியன்று: எட்டு சிலிண்டர் பேராற்றல் கார்கள் 2006, 2007 வாக்கில் உச்சம் தொட்டு, 2008 நிதி நெருக்கடியில் வெகுவாகச் சரிந்தன.

இந்தியாவுக்கு வருவோம். ஜெனரல் மோட்டார்ஸ் 1928 முதல் பம்பாயில் கார்களைப் பூட்டி விற்றது. ஃபோர்டும் இங்கே இயங்கியது. உள்நாட்டில் முழுமையாக உற்பத்தி செய்யாமல் வெறுமனே பூட்டும் நிறுவனங்கள் வெளியேற வேண்டும் என்று 1953-இல் தீர்வை ஆணையம் பரிந்துரைத்ததையடுத்து இரண்டும் விலகின. கார்வெட் பிறந்த ஆண்டும் அதுவே! நம் பழைய கார் அணிவகுப்புகளில் அமெரிக்கக் குடும்பக் கார்கள் நிறையத் தென்பட்டு, ஸ்போர்ட்ஸ் கார்கள் அரிதாக இருப்பதற்கு இதுவே முக்கியக் காரணம். மஸ்டாங்கை ஃபோர்டு அதிகாரபூர்வமாக இங்கே விற்கத் தொடங்கியதே 2016-இல்தான். அதுவும் சில ஆண்டுகளில் நின்றுபோனது.

முன்பு 1950-க்கு முந்தைய வண்டிகளுக்கு மட்டும் இருந்த இறக்குமதிச் சலுகை, 2025-இல் 50 ஆண்டு கடந்த வண்டிகள் அனைத்துக்கும் விரிந்தது. மாணவரின் 1967 மஸ்டாங் உள்ளே வரலாம். ஆனால் அனைத்து வரிகளையும் கூட்டினால் வண்டியின் விலையையே மிஞ்சும். அமெரிக்கச் சந்தையில் அந்த வரிப்பணத்தை எவரும் திருப்பித் தரமாட்டார்கள். இங்கேயோ வாங்கக்கூடியவர்கள் மிகச் சிலர். பதிவுக்கு 2021-இல் வந்த விதிகளின்படி 'விஏ' என்ற எழுத்துகளுடன் தனி எண் கிடைக்கும். புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். கண்காட்சி, அணிவகுப்பு, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு போன்றவற்றுக்கு ஓட்டலாம். தினமும் பொன்னேரிக்குப் போய்வர ஓட்டக்கூடாது. பயன்மதிப்பும் இல்லாமல் போய்விடுகிறது.

கடைசியாக உப்புக்காற்று. இந்த ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் ஜன்னல் கம்பி கூடச் சில ஆண்டுகளில் பொரிந்து உதிர்கிறது. அறுபதுகளின் மஸ்டாங்கில் துரு முதலில் பிடிப்பதே முன்கண்ணாடிக்குக் கீழே காற்று நுழையும் மறைவிடத்தில். கண்ணுக்குத் தெரியும்போது தரைத்தகடும் போயிருக்கும். கார்வெட்டின் ஃபைபர் உடலுக்குத் துரு இல்லை என்பது உண்மை. அதைத் தாங்கும் சட்டகம் எஃகு. படகுக்காரர்களுக்கு இது சொல்லாமலே விளங்கும்: ஃபைபர் உடல் நிற்கும், எஞ்சினும் இரும்பும் போகும்.

ஆசைக்காக வாங்குங்கள், ஓய்வூதியமாக எண்ணி வாங்காதீர்கள் என்றேன். விற்காமல் போனாலும் வருத்தப்படாத தொகை எவ்வளவோ, அதுவே உங்கள் வரம்பு என்றும் சொன்னேன். தொகையைப் பாதியாகக் குறைத்துவிட்டார். வண்டியைக் கலிபோர்னியாவில் இருக்கும் மகன் வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாமா என்று இப்போது யோசிக்கிறார். மருமகள் இன்னும் சம்மதிக்கவில்லையாம்.