குரல்நாணும் நைலான் ரிப்பனும்

ஓர் ஆசிரியை எழுதியிருக்கிறார்: "குரல்நாணில் சின்னக் கட்டி. லேசர் வைத்து எடுங்கள் என்றால், டாக்டர் 'உங்களுக்குக் கத்தியே நல்லது' என்கிறார். பழைய ஆளோ?"

அக்காவின் நைலான் ரிப்பனை அப்பா கத்தரியால் வெட்ட மாட்டார். எரிகிற ஊதுபத்தி நுனியால் ஒரே இழுப்பு. நூல் பிரியாது, ஆனால் விளிம்பு நகம்போலக் கெட்டிப்பட்டு, கழுத்தில் குத்துகிறதென்று அக்கா சிணுங்குவாள். லேசர் செய்வதும் ஏறக்குறைய அதுதான்.

கார்பன் டை ஆக்சைடு லேசரை 1964இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் உருவாக்கியவர் பாராமதியில் பிறந்த குமார் படேல். பாஸ்டனில் ஸ்ட்ராங், ஜாக்கோ என்ற இரு மருத்துவர்கள் 1970களின் தொடக்கத்தில் அதைக் குரல்வளைக்குள் கொண்டுபோனார்கள். அதன் கதிரைத் தண்ணீர் சட்டென்று உறிஞ்சிக்கொள்ளும். திசுவில் பெரும்பங்கு தண்ணீர்தானே, பட்ட இடம் ஆவியாகிவிடும். சிறு ரத்தக்குழாய்கள் அப்போதே அடைபடுவதால் மைக்ராஸ்கோப்பில் பார்ப்பவருக்கு ரத்தம் மறைக்காது. சூடு மட்டும் பக்கத்துத் திசுவுக்கும் கொஞ்சம் பரவும். மின்சாரத்தால் சுட்டு அறுக்கும் கருவியில் அது இன்னும் அதிகம். எஃகுக் கத்திக்குச் சூடே கிடையாது. கசியும் ரத்தத்தை அட்ரினலின் நனைத்த பஞ்சால் ஒற்றிக்கொள்வார்கள்.

இந்தச் சிறு சூட்டுக்கு ஏன் இத்தனை பயம்? ஜப்பானில் மினோரு ஹிரானோ 1970களில் விளக்கிக் காட்டியது இது: குரல்நாணின் மெல்லிய மேல்தோலுக்கடியில், ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத கூழ்ப்படலம் ஒன்று உண்டு. இளநுங்கைத் தொட்டால் உள்ளே தளும்புமே, அந்த மாதிரி. பெண் பேசும்போது நொடிக்குச் சுமார் 200 முறை அந்தப் படலமும் தோலும் உள்தசைமேல் அலையாக நெளிகின்றன. அது வெந்து தழும்பானால் நுங்கு முற்றிய கதைதான். அலை நின்றுபோய்க் குரல் கரகரக்கும்.

அதனால்தான் தோலை மடல்போல் மெல்லத் தூக்கி, கட்டியை மட்டும் உரித்தெடுத்து, மடலைத் திரும்பப் படியவைக்க வேண்டிய இடத்தில் பலர் கத்தியையே எடுக்கிறார்கள். தொடக்கநிலைப் புற்றுநோய் என்றால் லேசருக்கு நல்ல வேலை உண்டு. அங்கும், கருகிய விளிம்பை வைத்துக்கொண்டு நோய் முழுதும் வந்துவிட்டதா என்று பரிசோதனைக்கூடத்தில் கண்ணைச் சுருக்க வேண்டியிருக்கும். போதாததற்கு, மூச்சுக்காகச் செருகிய, ஆக்சிஜன் ஓடும் குழாயில் கதிர் பட்டால் தீப்பிடிக்கக்கூடும். சுற்றிலும் ஈரப்பஞ்சு வைத்துத்தான் தொடங்குவார்கள்.

தெருவுக்குத் தெரு போர்டில் 'லேசர்' மின்னுவதால், கத்தி எடுக்கிற டாக்டரை இளக்காரமாகப் பார்க்கிறோம். உங்கள் டாக்டர் பழைய ஆளல்ல, அம்மா. ஒன்று மட்டும் அவரிடம் கேளுங்கள்: அது எந்த வகைக் கட்டி? கத்திக் கத்தி இரண்டு பக்கமும் காய்த்துப்போன முடிச்சுகள் என்றால் முதலில் குரல் பயிற்சிதான், அறுவை அப்புறம்.

கடிதத்தின் கடைசி வரியில், வகுப்பில் 62 பிள்ளைகள் என்றிருக்கிறார். ஒரு மைக் வாங்கித் தரும்படி மூன்று வருடமாகக் கேட்கிறாராம்.