பேணுவோர் உள்ளமும் பேணத்தக்கதே



தில்லி கரோல்பாகில் நாம் நன்கறிந்த தமிழ்க் குடும்பம் ஒன்று உண்டு. அவ்வீட்டின் மூத்த அம்மையார் மணமாகி இளவயதில் கும்பகோணத்திலிருந்து வந்தவர்; காய்கறிக்காரரிடம் இந்தியில் சளைக்காமல் பேரம் பேசுபவர். எழுபத்தெட்டாம் வயதில் அவரை மறதி நோய் பற்றியது. நாளடைவில் இந்தி அடியோடு மறைந்து தமிழ் மட்டுமே எஞ்சியது. பொழுது சாய்ந்ததும், "வண்டிக்கு நேரமாயிற்று, ஊருக்குப் போக வேண்டும்" என்று வாயிற்கதவைத் தட்டுவார். உதவிக்கு அமர்த்திய பணிப்பெண்ணுக்கோ தமிழ் தெரியாது. ஆகவே இரவும் பகலும் மருமகள் ஒருவரே துணை. ஒருநாள் அவர் மாமியாரை உரத்த குரலில் அதட்டிவிட்டார். பிறகு சமையலறையில் நின்று அழுதார். "நான் பொல்லாதவளாகிவிட்டேனா?" என்று நம்மிடம் கேட்டார். அக்கேள்விக்கு விடை காண்பதே இவ்வுரையின் நோக்கம்.

டிமென்ஷியா எனப்படும் இம்மறதி, முதுமையின் இயல்பன்று. மூளையைத் தாக்கும் நோய்களால் விளைவது. அவற்றுள் மிகுதியாகக் காணப்படும் நோயை ஜெர்மானிய மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர் 1906-இல் எடுத்துரைத்தார். நம் நாட்டில் அறுபது வயது கடந்தவருள் நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல், அதாவது ஏறத்தாழ 88 இலட்சம் பேர், இதற்கு ஆளாகியுள்ளனர் என்று 2023-இல் வெளிவந்த ஆய்வு மதிப்பிட்டது. அண்மை நினைவுகள் முதலில் அழியும். இளமை நினைவுகள் நெடுநாள் நிற்கும். பின்னாளில் கற்ற மொழி நழுவித் தாய்மொழி தங்குவது பலரிடம் காணப்படுகிறது. அந்தி வேளையில் கலக்கம் மிகுவதும் இந்நோயின் குறியே.

பேணுவோர் படும் பாட்டை விளக்க 1981-இல் அமெரிக்காவில் வெளிவந்த நூலொன்றுக்கு 'முப்பத்தாறு மணி நேர நாள்' என்ற பொருளில் பெயரிட்டனர். உறக்கம் கெடுகிறது, வெளியுலகத் தொடர்பு அறுகிறது. உயிரோடிருப்பவரையே சிறிது சிறிதாக இழக்கும் துயரமும் சேர்கிறது. இறந்தோர்க்கு அழ ஊர் கூடும். இத்துயரத்திற்கு எவரும் துக்கம் விசாரிக்க வருவதில்லை. ஆதலின் பேணுவோரிடையே மனச்சோர்வும் பதற்றமும் மிகுதியாகக் காணப்படுகின்றன. இரு வாரங்களுக்கு மேல் எதிலும் நாட்டமின்மை, ஓயாத அழுகை, உறக்கமின்மை, பசியின்மை நீடித்தால் மருத்துவரை நாடவேண்டும். சாவைப் பற்றிய எண்ணமோ, முதியவரை அடித்துவிடுவோமோ என்ற அச்சமோ எழுந்தால் ஒருநாளும் தாழ்த்தலாகாது.

இல்லத்தில் செய்யத்தக்கவை சில. முதியவரோடு வாதிட வேண்டா. "வண்டி வரட்டும், அதற்குள் காப்பி அருந்தலாம்" என்றால் கலக்கம் சற்றுத் தணியும். இருள்வதற்கு முன்பே விளக்கேற்றுக. தண்ணீர், பசி, வலி, குளியல் போன்ற இருபது தமிழ்ச் சொற்களை இந்தி எழுத்தில் எழுதிப் பணிப்பெண்ணிடம் தருக. மருமகளுக்கு இரண்டு மணி நேர ஓய்வு அதனாலேயே கிட்டும். ஊரிலுள்ள உடன்பிறந்தோர் தொலைபேசியில் நலம் கேட்பதோடு நில்லாமல், ஆண்டில் ஒரு மாதமேனும் முறை ஏற்க வேண்டும். இயலாதோர் செலவில் பங்கேற்கலாம்.

மைய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய 'டெலி மானஸ்' என்னும் மனநலச் சேவையை 14416 என்ற எண்ணில், இரவு பகல் எந்நேரமும், கட்டணமின்றி அழைக்கலாம். அது பணியாற்றும் மொழிகளுள் தமிழும் ஒன்று. நோயாளிக்கு மட்டுமன்று, பேணுவோர்க்கும் அது உரியது.

அக்குடும்பத்தில் கோவையிலிருந்து இளைய மகன் வந்து ஒரு மாதம் பொறுப்பேற்றார். மருமகள் முதல் மூன்று நாளும் பெரும்பாலும் உறங்கினார். நான்காம் நாள் மருத்துவரிடம் சென்றார். அவர் கேட்ட கேள்விக்கு நம் விடை இதுவே: அம்மா, நீங்கள் பொல்லாதவரல்லர், களைத்துப் போனவர். களைப்புக்கு மருந்து உண்டு. கேட்டால் துணையும் உண்டு.