இலைச்சாற்றில் உருவாகும் காந்தத் துகள்கள்

புற்றுக்கட்டியை உடலுக்குள்ளேயே சூடேற்றி அழிக்க முடியுமா? 1957-ல் அமெரிக்க மருத்துவர் கில்கிறிஸ்டும் குழுவினரும் இதைச் சோதித்தார்கள். நிணநீர்க் கணுக்களில் நுண்ணிய இரும்பு ஆக்சைடு துகள்களைச் சேர்த்து, மாறுதிசைக் காந்தப்புலத்தில் வைத்துச் சூடேற்றினார்கள். காந்த வெப்பச் சிகிச்சை அங்கிருந்துதான் வளர்ந்தது.

சூடு எப்படி வருகிறது?

ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். சிகிச்சைக்கான துகள்களின் உட்கரு பெரும்பாலும் 10 முதல் 25 நானோமீட்டர்தான் இருக்கும். வெளியே உள்ள காந்தப்புலம் நொடிக்கு ஒரு லட்சம் முறை திசை மாறும்போது, துகளின் காந்தத்தன்மையும் கூடவே திரும்ப முயல்கிறது. அதில் சற்றுப் பின்தங்குவதால் இழக்கும் ஆற்றல் வெப்பமாகிறது. கட்டி 42 முதல் 45 டிகிரி செல்சியஸை எட்டினால் புற்றுச் செல்கள் சேதமடைகின்றன. கதிர்வீச்சுக்கும் மருந்துக்கும் எளிதில் பணிகின்றன.

செடிக்கு என்ன வேலை?

ஃபெரஸ், ஃபெரிக் என்ற இருவகை இரும்பு உப்புகளை 1:2 விகிதத்தில் கரைத்து அம்மோனியா சேர்த்தால், மேக்னடைட் என்ற காந்த இரும்பு ஆக்சைடு கறுப்பாகப் படியும். இதன் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளக்கூடியவை. அதைத் தடுக்க மேலே ஒரு பூச்சு வேண்டும். ஒரே சீரான அளவு வேண்டுமென்றால், கரிமக் கரைப்பான்களில் சுமார் 300 டிகிரி வரை சூடாக்கும் முறையும் உண்டு.

நச்சுக் கழிவைக் குறைக்க, இந்த இரசாயனங்களின் இடத்தில்தான் தேயிலை போன்றவற்றின் சாறு வருகிறது. இலையை நீரில் கொதிக்கவைத்து வடிகட்டினால் பாலிஃபீனால்கள் என்ற தாவரச் சேர்மங்கள் கிடைக்கும். அவை ஃபெரிக் இரும்பில் ஒரு பகுதியை ஃபெரஸாக மாற்றும். உருவான துகளின் மேல் படிந்து திரளாமலும் காக்கும். ஆனாலும் பல செய்முறைகளில் அம்மோனியா போன்ற காரம் சேர்த்தே ஆக வேண்டும்.

கறுத்தால் போதாது

கலம்காரித் துணியில் கடுக்காய்ச் சாறு ஏறிய இடத்தில் இரும்புக் கரைசல் பட்டால் கறுக்கும். அது கடுக்காயின் டானினும் இரும்பும் சேர்ந்த நிறம். அதில் மேக்னடைட் இல்லை. இலைச்சாறும் இரும்பு உப்பும் கலந்த குடுவையிலும் இதுவே நடக்கலாம். எனவே எக்ஸ் கதிர் ஆய்வில் படிக அமைப்பையும், காந்தமானியில் காந்த வலிமையையும் அளந்தே முடிவு சொல்ல வேண்டும்.

இன்னொரு சிக்கல், இலை. மண், பருவம், பறித்த நாள் மாறினால் சாற்றின் சேர்மங்களும் மாறும். துகளின் அளவும் மாறும். அளவு சற்று மாறினாலும் வெளிவரும் வெப்பம் வெகுவாக மாறிவிடும். அதை ஈடுகட்டக் காந்தப்புலத்தை இஷ்டப்படி கூட்டவும் முடியாது. கூட்டினால் நல்ல திசுக்களில் சுழல் மின்னோட்டம் உண்டாகி அவையும் சூடாகும். மருந்துக்குத் துகளின் அளவில் இந்த ஏற்ற இறக்கம் ஆகாது.

இன்றைய நிலை

ஜெர்மனியின் மாக்ஃபோர்ஸ் நிறுவனத்தின் நானோதெர்ம் சிகிச்சை, மூளைப் புற்றுக்கு 2010-ல் ஐரோப்பிய ஒப்புதல் பெற்றது. அதில் கதிர்வீச்சும் சேர்த்தே தரப்பட்டது. அதன் துகள்களுக்கு அமினோசிலேன் பூச்சு. அவை செடியிலிருந்து செய்யப்பட்டவை அல்ல. இலைச்சாற்றுத் துகள்கள் இன்னும் ஆய்வு நிலையில்தான் உள்ளன.

நச்சுக் கழிவைக் குறைக்கும் இந்த முயற்சி வளர வேண்டும். ஆனால் செடியிலிருந்து வந்தது என்பதாலேயே எதுவும் பாதுகாப்பானதாகிவிடாது. ‘இலையால் புற்று குணமாகும்’ என்று செய்தி வந்தால், அது மனிதர்களிடம் சோதிக்கப்பட்டதா என்று கேளுங்கள். மருத்துவர் தரும் சிகிச்சையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.