முதல் ரேஸ் ட்ரோன்: வாங்குவதா, நாமே பூட்டுவதா?

ரேஸ் ட்ரோன் என்றால் விழும். விழாமல் ஓட்டக் கற்றவர் யாரும் இல்லை. கல்யாண வீட்டில் படமெடுக்கும் ட்ரோன் ஜிபிஎஸ் துணையோடு அந்தரத்தில் தானாக நிற்கும். பந்தய ட்ரோனுக்கு அந்த வசதி கிடையாது. சாய்த்துவிட்டு விரலை எடுத்தால் சாய்ந்தபடியே போய்க்கொண்டிருக்கும். மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டும் ஒன்றை, கண்ணில் மாட்டும் காகிள்ஸில் தெரியும் கேமரா காட்சியை மட்டும் நம்பி வளைவுகளுக்குள் நுழைக்க வேண்டும். ஆகவே முதல் ட்ரோனைத் தயாராக வாங்கலாமா, பாகங்களை வாங்கிப் பூட்டலாமா என்று யோசிப்பவர், விழுந்ததை யார் பிரித்துச் சரிசெய்யப் போகிறார் என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும்.

இந்தியாவில் இந்தக் கேள்விக்கு இன்னொரு முடிச்சும் உண்டு. 2022 பிப்ரவரி 9 முதல் வெளிநாட்டு ட்ரோன்களை இறக்குமதி செய்யத் தடை இருக்கிறது. முழுதாக வந்தாலும் தடை, பிரித்து ஒரே செட்டாக வந்தாலும் தடை. ராணுவம், ஆராய்ச்சி போன்றவற்றுக்கு மட்டும் அனுமதி பெற்று விலக்கு. ஆனால், உதிரிப் பாகங்களின் இறக்குமதிக்கு அனுமதி தேவையில்லை. எனவே தயாராக வாங்க நினைப்பவர் உள்நாட்டில் உருவானவற்றுக்குள்தான் தேட வேண்டும். பூட்ட நினைப்பவருக்குத் தேர்வு அதிகம்.

பொருத்தம் பார்க்கும் கலை

கார்பன் ஃபைபர் சட்டம், 4 மோட்டாரும் விசிறியும், மோட்டார்களுக்கு மின்சாரத்தை அளந்து கொடுக்கும் இ.எஸ்.சி., மூளையான ஃப்ளைட் கன்ட்ரோலர், கேமரா, வீடியோ டிரான்ஸ்மிட்டர், ரிசீவர், லித்தியம் பாலிமர் பேட்டரி. இவ்வளவுதான் ரேஸ் ட்ரோன். சிக்கல் பொருத்தத்தில் இருக்கிறது. மோட்டாரின் மேல் 1950 கேவி என்று எழுதியிருந்தால், சுமை இல்லாதபோது ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு 1950 சுற்று என்று பொருள். முழுதாகச் சார்ஜ் ஆன 6 செல் பேட்டரி தருவது 25.2 வோல்ட், பெருக்கினால் சுமார் 49,000 சுற்று. அதே பேட்டரியில், 4 செல்லுக்கு என்று செய்த 2450 கேவி மோட்டாரைப் போட்டால் கணக்கு 61,000-ஐத் தாண்டும். அந்த வேகத்தில் விசிறியைச் சுழற்ற மோட்டார் இழுக்கும் மின்னோட்டத்தில் இ.எஸ்.சி. கருகிவிடலாம்.

அடுத்த சோதனை சால்டரிங். பேட்டரியின் தடித்த கறுப்பு வயர் சேரும் இடத்தில் சர்க்யூட் பலகையின் செம்பு அடுக்குகள் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். ஈயம் உருகியதுபோலத் தெரியும். ஆனால் பளபளப்பின்றி, சொரசொரப்பாக, ஒட்டாமல் உட்கார்ந்திருக்கும். அந்த இணைப்பில் 0.01 ஓம் தடை இருந்து, 80 ஆம்பியர் பாய்ந்தால் 64 வாட் வெப்பம் பிறக்கும். நம் கையிலுள்ள சால்டரிங் அயர்னே 60 வாட்தான். ட்ரோன் பறக்கும்போதே இணைப்பு தன் ஈயத்தைத் தானே உருக்கிக்கொள்ளும்.

பூட்டி முடித்ததும் பேட்டரியை நேரடியாகச் செருகாமல், இடையே ஸ்மோக் ஸ்டாப்பர் வைப்பது வழக்கம். வாகன இண்டிகேட்டர் பல்பைத் தொடராக இணைத்தும் இதைச் செய்துகொள்ளலாம். 6 செல்லுக்கு 24 வோல்ட் லாரி பல்ப். எங்காவது ஷார்ட் இருந்தால் பல்ப் பிரகாசமாக எரியும், பலகை தப்பிக்கும்.

அப்புறம் சுழலும் திசை. மூலைவிட்டத்தில் எதிரெதிரே உள்ள மோட்டார்கள் ஒரே பக்கம் சுழல வேண்டும். ஒன்று மாறிச் சுழன்றாலும் கிளம்பிய நொடியே ட்ரோன் குப்புறக் கவிழும். மோட்டாரின் 3 வயர்களில் ஏதாவது இரண்டை மாற்றிப் பற்றவைத்தால் திசை திரும்பிவிடும். பீட்டாஃப்ளைட் போன்ற மென்பொருளிலும் மாற்றலாம். ஃப்ளைட் கன்ட்ரோலரைத் திருப்பிப் பொருத்திவிட்டு மென்பொருளில் சொல்லாமல் விட்டால் இன்னும் மோசம். நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை சாயும் வேகத்தை அளக்கும் கைரோவை நம்பி, அது நிமிர்த்துவதற்குப் பதில் மேலும் சாய்க்கச் சொல்லும். விசிறிகளைக் கழற்றி வைத்துவிட்டே இந்தச் சோதனைகளைச் செய்ய வேண்டும்.

யாருக்கு எது?

இவ்வளவையும் ஒருமுறை கையால் செய்தவருக்கு, விழுந்த ட்ரோனில் எந்த வயர் விட்டுப்போனது என்று பார்த்ததும் புரியும். வாங்கியவருக்கு அன்றே பறக்கும் சந்தோஷம் கிடைக்கும். முதல் மோதலுக்குப் பிறகு அவரும் சால்டரிங் அயர்னைத் தேடுவார். ஓட்டவும் தெரியாமல், பூட்டவும் தெரியாமல் இரண்டையும் ஒரே சமயத்தில் கற்பதுதான் கடினம். ட்ரோன் கவிழ்ந்தால் தவறு விரலிலா, வயரிலா என்றே தெரியாது.

எனவே ரிமோட்டை முதலில் வாங்கி, கணினியில் வெலோசிட்ரோன், லிஃப்ட்ஆஃப் போன்ற சிமுலேட்டரில் பழகுங்கள். ரிமோட், காகிள்ஸ், சார்ஜர் மூன்றும் எந்த வழியில் போனாலும் தேவை. ட்ரோன் உடைந்தாலும் அவை உடையாது. வீட்டுக்குள் பறக்கும், உள்ளங்கை அளவுச் சிறிய ட்ரோனைத் தயாராக வாங்கலாம். 250 கிராம் வரை ‘நானோ’ வகை என்பதால் விதிகளின் கெடுபிடியும் குறைவு. விரல் பழகியபின் 5 அங்குல விசிறி கொண்ட பந்தய ட்ரோனை நீங்களே பூட்டுங்கள். அதை வெளியே எடுத்துச் செல்லுமுன், அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் அந்த இடம் அனுமதியின்றிப் பறக்கக்கூடிய பச்சை மண்டலமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பெரியதையும் தயாராகத்தான் வாங்குவேன் என்பவர் கடைக்காரரிடம் இரண்டு கேள்வி கேட்கட்டும்: சட்டத்தின் ஒரு கை உடைந்தால் அதை மட்டும் மாற்ற முடியுமா? அதே மோட்டார் தனியாகக் கிடைக்குமா? இரண்டுக்கும் ‘ஆம்’ என்று பதில் வந்தால் தாராளமாக வாங்கலாம்.