தேடலை மடக்கும் திருட்டுச் சரக்கு
இலவச சாஃப்ட்வேரோடு ஒட்டிக்கொண்டு வந்து பிரவுசரைக் கைப்பற்றும் நிரல்கள், கேரள எல்லைத் தமிழர்களிடம் புரியாத மொழியில் சம்மதம் வாங்கிவிடுகின்றன.

ஒரு காலத்தில் வாளையாறு சோதனைச் சாவடியில் லாரிகள் நீண்ட வரிசையில் காத்துக் கிடக்கும். சீட்டு இல்லாத சரக்கு பாலக்காட்டுக்குள் நகராது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததும் அந்த வணிக வரிச் சோதனைக்கு வேலை இல்லாமல் போனது. எந்தச் சாவடியாலும் தடுக்க முடியாத இன்னொரு சரக்கைப் பற்றி எச்சரிக்கை வந்தது அதற்கு ஒரு மாதம் முன்புதான். எச்சரித்தது, பெயரிலேயே சோதனைச் சாவடியை வைத்திருக்கும் இஸ்ரேலிய நிறுவனமான செக் பாயின்ட்.

சரக்கின் பெயர் ஃபயர்பால். பெய்ஜிங்கைச் சேர்ந்த ராஃபோடெக் என்ற விளம்பர நிறுவனத்தின் தயாரிப்பு. உலகம் முழுவதும் 25 கோடி கம்ப்யூட்டர்களில் அது புகுந்திருப்பதாகச் செக் பாயின்ட் சொன்னது. அதில் 2.53 கோடி இந்தியாவில். எந்த நாட்டையும்விட அதிகம். இது மிகைக் கணக்கு என்று மைக்ரோசாஃப்ட் மறுத்தது. ஆனால் அது செய்த வேலையைப் பற்றி இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

அந்த வேலை எளிமையானது. பிரவுசரின் முகப்புப் பக்கத்தையும் தேடுபொறியையும் மாற்றிவிடும். நீங்கள் தேடும் சொல் முதலில் ஒரு போலித் தேடுபக்கத்துக்குப் போகும்; அங்கிருந்து யாஹூவுக்கோ கூகுளுக்கோ தள்ளிவிடப்படும். விடை கிடைத்துவிடுவதால் சந்தேகம் வராது. இடையில் நிற்கும் தரகருக்கு ஒவ்வொரு தேடலும் விளம்பரக் காசு.

இது பூட்டை உடைத்து வரும் திருடன் அல்ல. கதவைத் திறந்துவிடுவது நாம்தான். இக்கட்டுரையாளரும் தப்பவில்லை. பிடிஎஃப் கோப்பு ஒன்றை வேர்டுக்கு மாற்ற இலவச சாஃப்ட்வேரை இறக்கியபோது, அவசரத்தில் 'நெக்ஸ்ட்', 'நெக்ஸ்ட்' என்று அழுத்தியதில் கூடவே ஒரு தேடல் பட்டையும் வந்து உட்கார்ந்தது. அதை அனுமதிக்கும் கட்டத்தில் முன்கூட்டியே டிக் போட்டு வைத்திருந்தார்கள். மொழிபெயர்ப்பையே பிழைப்பாகக் கொண்டவர், படிக்க வேண்டியதைப் படிக்காமல் விட்டதன் பலன்.

மூன்றாவது மொழியில் பொறி

ஆங்கிலம் தெரிந்தவர் கதையே இதுவென்றால், சித்தூர், கொழிஞ்சாம்பாறை, மூணாறு, பீருமேடு பகுதிகளில்? வீட்டில் தமிழ், அரசு அலுவலகத்தில் மலையாளம், கம்ப்யூட்டர் திரையில் ஆங்கிலம். 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், சிறுபான்மைத் தமிழர்கள் அரசோடு தமிழில் கடிதத் தொடர்பு கொள்ளலாம் என்கிறது. 'ஐ அக்ரீ' பொத்தானோ அப்படித் தமிழில் கேட்பதில்லை. சம்மதம் கேட்கும் மொழியே புரியாதபோது, வாங்கிய சம்மதத்துக்கு என்ன மதிப்பு?

இழப்பு விளம்பரத் தொல்லையோடு நிற்பதில்லை. தோட்டத் தொழிலாளி வீட்டுப் பெண் கல்லூரி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க வேண்டும். வருமானச் சான்றிதழுக்கான அரசு இணையதளத்தைத் தேடுகிறாள். கைப்பற்றப்பட்ட பிரவுசர், அதே தோற்றத்தில் கட்டணம் கேட்கும் போலிப் பக்கத்தை முதலில் காட்டினால், பணமும் ஆதார் எண்ணும் சேர்ந்து போகும். விண்ணப்பத்தின் கடைசி நாளும் போகும்.

வெளியேற்றும் வழி

அழையா விருந்தாளியை அனுப்பப் பெரிய படிப்பு தேவையில்லை. விண்டோஸில் நிறுவப்பட்ட நிரல்களின் பட்டியலைத் தேதி வாரியாக அடுக்கி, தொல்லை தொடங்கிய நாளில் வந்த அந்நியரை நீக்கவும். பிறகு பிரவுசரின் எக்ஸ்டென்ஷன் பட்டியலில் தெரியாதவற்றை எடுத்துவிட்டு, தேடுபொறியையும் முகப்புப் பக்கத்தையும் பழையபடி வைக்கவும். மறுபடி தலைகாட்டினால், டெஸ்க்டாப்பில் உள்ள பிரவுசர் ஐகானில் வலது கிளிக் செய்து 'பிராப்பர்ட்டீஸ்' திறந்து பாருங்கள்: 'டார்கெட்' வரியின் வாலில் ஓர் இணைய முகவரி ஒட்டியிருக்கலாம். அதை வெட்டவும். அதற்கும் அடங்காவிட்டால் பிரவுசர் அமைப்புகளை 'ரீசெட்' செய்யவும். மால்வேர்பைட்ஸின் இலவச ஆட்வ்கிளீனரும் உதவும். சுத்தம் செய்தபின், வேறொரு கருவியிலிருந்து கடவுச்சொற்களை மாற்றுவது நல்லது. பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930க்கு அழைக்க வேண்டும்.

வராமல் தடுப்பது இன்னும் சுலபம். சாஃப்ட்வேரை அதன் சொந்தத் தளத்திலிருந்தே இறக்கவும். 'கஸ்டம்' முறையைத் தேர்ந்து ஒவ்வொரு டிக்கையும் பார்க்கவும். அரசுத் தளங்களின் முகவரியை அக்ஷயா மையத்தில் கேட்டு நோட்டில் எழுதிவைத்து, தேடாமல் நேரடியாகத் தட்டச்சு செய்யவும்.

இதில் கேரளப் பள்ளிக்கூடங்கள் ஒரு படி முன்னே நிற்கின்றன. அரசின் 'கைட்' நிறுவனம் 2019இல் 2 லட்சத்துக்கும் அதிகமான பள்ளிக் கம்ப்யூட்டர்களுக்கு லினக்ஸ் அடிப்படையிலான இயங்குதளத்தைக் கொண்டுவந்தது. விண்டோஸுக்காக எழுதப்பட்ட கடத்தல் நிரல்கள் அங்கே ஓடாது. எக்ஸ்டென்ஷன் வடிவில் வருபவை மட்டும் எங்கும் நுழையும். ஆனால் பள்ளியில் லினக்ஸ் படிக்கும் பிள்ளை வீட்டுக்கு வந்து திறப்பது பெரும்பாலும் விண்டோஸைத்தான்.

வாளையாற்றில் லாரிச் சீட்டைப் பார்த்து அனுப்பியது அதிகாரி. வீட்டுக் கம்ப்யூட்டருக்கு அந்த அதிகாரி நாம்தான். 'நெக்ஸ்ட்' அழுத்துமுன் சீட்டைப் படித்துப் பார்ப்பது நல்லது. ஆங்கிலம் தடுமாறினால், அந்தப் பள்ளிப் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துப் படிக்கச் சொல்லலாம்.