உலையும் ஆவாரையும்: பாபகூராவில் கத்தியும் உறையும் செய்தல்

முன்னுரை

ஆக்லாந்தின் தென்பகுதியிலுள்ள பாபகூராவின் பெயர் மாவோரி மொழியில் செம்மண் நிலத்தைக் குறிப்பது. மண்ணைச் சிவக்கச் செய்வது அதிலுள்ள இரும்பு. அவ்வூருக்குத் தென்மேற்கே கிளென்புரூக்கில் இயங்கும் ஆலை, வைகாட்டோ ஆற்று முகத்துவாரத்தின் வடகரையிலிருந்து 18 கிலோமீட்டர் நீளக் குழாய்வழி வரும் கரிய இரும்பு மணலைக் கொண்டு எஃகு செய்கிறது. இத்தகைய நிலத்தில் வாழும் தமிழர் ஒருவர் தம் கையால் கத்தி அடித்து, இயற்கைப் பொருள்களால் அதற்குப் பிடியும் உறையும் அமைக்க முற்பட்டால், தமிழ் மரபு அவருக்கு வழங்குவது யாது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

மரபின் சான்றுகள்

நொய்யலாற்றங்கரைக் கொடுமணலில் இரும்புத் தொழிலுக்குரிய உலைகள் அகழ்ந்து காணப்பட்டுள்ளன. புறநானூற்றின் 95ஆம் பாடலில், தொண்டைமானின் படைக்கலங்கள் அழகுபெற வைக்கப்பட்டிருக்க, அதியமானுடையவை சிதைந்து கொல்லனின் சிறு கொட்டிலில் கிடப்பதை ஔவையார் சுட்டுகிறார். 19ஆம் நூற்றாண்டில் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நிறுவிய ஜோசையா மார்ஷல் ஹீத், தென்னிந்திய உருக்கு முறையை விவரித்துள்ளார். தேனிரும்புத் துண்டுகளை உலர்ந்த ஆவாரங்கட்டையுடன் மண்மூசையிலிட்டு, பச்சிலையால் மூடி, களிமண்ணால் வாயடைத்துச் சூடேற்றுவர். கட்டையின் கரி இரும்பில் ஏறி, அது உருக்காகும்.

கத்தி அடித்தல்

இன்று மூசை வேண்டியதில்லை. வண்டிகளின் பழைய வில்பட்டையே போதும். அதில் ஏறத்தாழ 0.6 விழுக்காடு கரி உண்டு. பட்டையை உலையில் செம்மஞ்சள் நிறம் வரும்வரை காய்ச்சி, பட்டடைமேல் வைத்துச் சம்மட்டியால் அடித்து, முனையும் அலகும் பிடிக்குள் செல்லும் காம்பும் உருவாக்க வேண்டும். நிறம் மங்கியதும் அடிப்பதை நிறுத்தி மீண்டும் உலையில் இடுதல் முறை. ஆறிய எஃகை அடித்தால் கண்ணுக்குப் புலப்படாத விரிசல் விழும்.

அரத்தால் வடிவம் திருத்தியபின் வருவது தோய்ச்சல். ஏறத்தாழ 770 பாகை செல்சியசில் எஃகைக் காந்தம் பற்றாது. அதற்கும் சற்று மேலே காய்ச்சி, வெதுவெதுப்பான எண்ணெயில் ஒரே சீராக அமிழ்த்த வேண்டும். இந்நிலையில் அலகு கடினமாயினும் கீழே விழுந்தால் கண்ணாடிபோல் உடையும். ஆதலின் 200 பாகையில் இரண்டு மணி நேரம் வைத்துப் பதப்படுத்துவர். தேய்த்த பரப்பில் தோன்றும் வைக்கோல் நிறம் பதத்தின் அடையாளம். கொல்லர் இதனைக் கருவியின்றிக் கண்ணாலேயே அறிந்தனர்.

பிடிக்கு உள்ளூர் மானுகா மரம் ஏற்றது. துளையிட்டு, உருக்கிய அரக்கை வார்த்துக் காம்பை இறக்கினால் பிடி இறுகும்.

உறை

தமிழகத் தோல் பதனிடுவோர் ஆவாரம்பட்டையையே பயன்படுத்தினர். இரும்பை உருக்காக்கிய செடியே தோலையும் பதப்படுத்தியது என்பது எண்ணத்தக்கது. நியூசிலாந்தில் தானேகாஹா மரப்பட்டை அப்பணியைச் செய்தது. பட்டையில் பதனிட்ட தோலை நனைத்து, எண்ணெய் தடவிய கத்தியைச் சுற்றி அழுத்தி உலரவிட்டால் அவ்வடிவமே நிற்கும். அலகின் விளிம்பு தையல்நூலை அறுக்காதபடி இடையே ஒரு தோல்வாரை வைத்துத் தைத்து, தேன்மெழுகு பூசுவர். எனினும் கத்தியை உறையிலேயே நெடுநாள் விடலாகாது. தோலின் துவர்ப்பொருளும் ஈரமும் துருவை வளர்க்கும். தகுந்த காரணமின்றிப் பொதுவிடத்தில் கத்தி வைத்திருப்பது அந்நாட்டில் குற்றம் என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது.

முடிவுரை

ஹீத்தின் பெயர் வரலாற்றில் நிலைத்தது; அவர் கண்ட கொல்லர்களின் பெயர்கள் நிலைக்கவில்லை. ஔவையார் பாடலின் அடிக்குறிப்பிலும் அரசர்க்கே பெயர் உண்டு, கொல்லனுக்கு இல்லை. தொன்மை உருக்கின் பெருமை மேடைகளில் பேசப்படுகிறது. ஆனால் துருத்தி, குறடு, பட்டடை, தோய்ச்சல் ஆகிய சொற்கள் சாதி வரம்புக்குள் ஒதுக்கப்பட்டு, அத்தொழிலோடே தேய்கின்றன. புலம்பெயர்ந்த தமிழ்ப் பள்ளிகள் இச்சொற்களைப் பொருளோடு கற்பிக்க வேண்டுமாயின், சொற்பட்டியல் மட்டும் போதாது. உலையருகே நின்று நிறத்தைப் பார்க்கப் பழக்குதலே வழி. செம்மண்ணும் இரும்பு மணலும் அருகிருக்கும் பாபகூரா அதற்குப் பொருந்தாத இடமன்று.